ஜன்னலைக் கழற்றும் முன் மாமியாரைக் கேளுங்கள்!

நம்ம வீடு, நல்ல வீடு - வாராந்தரப் பகுதி

இந்த வாரம் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

"எங்கள் வீடு மாமனார் கட்டியது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மொத்தம் எட்டு ஜன்னல். எல்லாமே தேக்கு, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு வைத்தவை. மழைக்காலம் வந்தால் சில கதவுகளை மூட முடியவில்லை. சிலவற்றைத் திறக்க முடியவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன், 'பணம் அனுப்புகிறேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு யு.பி.வி.சி. போட்டுவிடுங்கள் அம்மா' என்கிறான். வந்து பார்த்த கான்ட்ராக்டர் இரண்டு மாடல் காட்டினார். ஒன்று 'ஹெரிட்டேஜ்', பழைய மர ஜன்னல் மாதிரியே இருக்கிறது. இன்னொன்று 'ஃப்ளஷ்', ஒரே மட்டமாக, வழவழவென்று இருக்கிறது. பழைய ஜன்னல்களை அவரே இலவசமாகக் கழற்றி எடுத்துக்கொள்வாராம். என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. பகல் முழுக்கத் தெரு ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் வாடிப் போய்விட்டது. எந்த மாடலை எடுப்பது?"

சகோதரி, இந்தக் கேள்வியை நம் வாசகர்களில் பலர் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். முதலில் அந்த கேட்லாக்கை மூடி வையுங்கள். எந்த மாடல் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான்

கான்ட்ராக்டர் காட்டிய இரண்டு மாடலுக்கும் பொருள் ஒன்றே. 'ஹெரிட்டேஜ்' என்பதில் மரத்தின் ரேகை அச்சிட்ட ஃபிலிமை மேலே ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் வைத்து, சின்னச் சின்னக் கண்ணாடிகள் பொருத்தியது போலக் காட்டுவார்கள். 'ஃப்ளஷ்' என்பதில் கதவு, சட்டத்துக்கு மேலே ஏறி நிற்காமல் அதனோடு ஒரே மட்டமாக உட்காரும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், தூசி தங்கும் விளிம்புகள் குறைவு, துடைப்பது சுலபம்.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கண்ணாடி மேல் வெறுமனே ஒட்டிய பட்டைகளில் ஓரமெல்லாம் தூசி சேரும். பல வருஷம் வெயில் பட்டால் பசை விட்டுப்போகவும் வாய்ப்புண்டு. மரக் கலர் ஃபிலிம் வெள்ளையைவிட வெயிலை அதிகம் உறிஞ்சும். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நீளும் குணம் உள்ளது. ஐந்தடி நீளச் சட்டம், காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் வரை நீளும். மேற்கு பார்த்த சுவரில் அடர் நிறம் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஃப்ளஷ் மாடலுக்கு வேறு ஒரு நிபந்தனை. கதவும் சட்டமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், சதுரம் கொஞ்சம் பிசகினாலும் இடைவெளி பளிச்சென்று தெரியும். பழைய வீட்டுச் சுவர்கள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் நேராக இருப்பது அபூர்வம். நல்ல ஆள் பொருத்தினால் அழகு. அவசரத்தில் பொருத்தினால் கோணல் கண்ணை உறுத்தும்.

ஆக, இந்த இரண்டு பெயர்களும் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியவை. நம் ஊர் வீட்டுக்கு ஜன்னல் செய்ய வேண்டிய வேலை காற்று, வெளிச்சம், மழைத் தடுப்பு, மறைப்பு, பாதுகாப்பு. அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் கேள்வி: எவ்வளவு திறக்கும்?

நாலடிக்கு நாலடி ஜன்னல் என்றால் 16 சதுர அடி. பழைய மர ஜன்னலில் நாலு கதவையும் திறந்தால், கம்பிகளின் தடிமன் போக, கிட்டத்தட்ட அத்தனையும் திறந்துவிடும். அதே இடத்தில் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் போட்டால், ஒன்று எப்போதும் மற்றொன்றின் பின்னால் நிற்கும். எட்டு சதுர அடிதான் திறக்கும். கொசு வலையும் சேர்ந்தால் வரும் காற்று இன்னும் குறையும்.

இது ஏதோ பழைய காலத்து ஆதங்கம் இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் குடியிருப்புகளுக்காக 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் கலந்த பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிப்பக்கம் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஜன்னல், வென்டிலேட்டர், வெளியே திறக்கும் கதவு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் குடியிருப்புகளுக்காக வகுத்தது என்றாலும், நம் வீட்டை அளந்து பார்க்க நல்ல அளவுகோல்.

பன்னிரண்டுக்குப் பத்து அறை என்று வையுங்கள். 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. இரண்டு நாலடி ஜன்னல்கள் முழுதாகத் திறந்தால் 32, தாராளம். அதே இரண்டும் ஸ்லைடிங் ஆனால் 16, போதாது. மின்சாரம் போன சித்திரை மாத மத்தியானத்தில் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். 'சுவரை உடைக்கவே வேண்டாம், பழைய நிலைக்குள்ளேயே புதுச் சட்டத்தைச் சொருகிவிடலாம்' என்பார்கள். வேலை சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அங்குலம் போனால், நாலடி ஜன்னலின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

நாலு கதவு வைத்த காரணம்

அந்தக் காலத்து ஆசாரி மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கதவைப் பிரித்தது அலங்காரத்துக்காக அல்ல. கீழ்க் கதவுகளைச் சாத்தினால் தெருவில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் இருப்பவர் தெரியாது. மேல் கதவுகள் திறந்திருந்தால் வெளிச்சமும் காற்றும் வரும். சூடான காற்று மேலே ஏறி, உச்சியில் இருக்கும் வென்டிலேட்டர் வழியாக வெளியேறும். உடை மாற்ற, குழந்தையைத் தூங்கவைக்க, மழைச் சாரலைத் தடுக்க என்று வேளைக்கு ஏற்றபடி நாலு கதவையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் இந்த வசதிக்குத் திரைச்சீலைதான் வழி. திரையைப் போட்டால் காற்றும் போய்விடும்.

வீட்டின் பழமை என்று நாம் காப்பாற்ற வேண்டியது இந்த வேலை செய்யும் முறையை. மர ரேகை ஃபிலிம் ஒட்டிய ஸ்லைடிங் ஜன்னல், பார்வைக்குப் பழசாக இருந்தாலும் இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யாது. சாதாரண வெள்ளை நிறச் சட்டமே ஆனாலும், மேலும் கீழும் தனித்தனியாகத் திறக்கும்படி செய்து போட்டால் அது உங்கள் மாமனார் வீட்டு ஜன்னலுக்கு நெருங்கிய சொந்தம்.

இரண்டாவது கேள்வி: மரம் உயிரோடு இருக்கிறதா?

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எட்டு ஜன்னலையும் சுற்றி வாருங்கள். நிலையின் அடிக்கட்டையிலும், இரு ஓரங்கள் அதைத் தொடும் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். மழை நீர் தங்குவதும், கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். முனை உள்ளே இறங்கவில்லை என்றால் மரம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் இறங்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போடலாம். கைப்பிடி வரை போனாலோ, தட்டினால் டொக்கு டொக்கு என்று உள்ளே காலியான சத்தம் கேட்டாலோ, அந்த நிலைக்கு விடை கொடுத்துவிடலாம்.

தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. கரையான் எளிதில் தொடாது. அதனால் அறுபது வயது என்பது நல்ல தேக்குக்குப் பெரிய வயதில்லை. எட்டில் ஐந்தாறாவது தேறும் என்பது என் எதிர்பார்ப்பு.

மழைக்காலத்தில் இறுகுவதற்கு மரம் கெட்டுப்போனது மட்டுமே காரணமாக இருக்காது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக அடித்த பெயின்ட், தளர்ந்த கீல், ஈரத்தில் ஊறிய ஓரம் என்று மூன்றும் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். உடனே இழைத்துவிடாதீர்கள், வெயில் வந்ததும் மரம் சுருங்கி, இடைவெளி விழுந்துவிடும். மாசி, பங்குனியில் மரம் காய்ந்தபின் ஆசாரியைக் கூப்பிட்டு, முதலில் கீலை இறுக்கி, பெயின்டைச் சுரண்டி, அதற்குப் பிறகும் இடித்தால் மட்டும் குறித்த இடத்தில் லேசாக இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த ஓரத்துக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தீயால் பொசுக்கி எடுக்கவும் விடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து, தரையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் வர வேண்டாம். வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள்.

எங்கே புதுசு நல்லது?

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லா இடத்திலும் மரம்தான் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன்.

குளியலறையிலும் சமையலறையிலும் எப்போதும் ஈரம், ஆவி, எண்ணெய்ப் பிசுக்கு. அங்கே யு.பி.வி.சி. அல்லது அலுமினியம் நிம்மதி. துருப்பிடிக்காது, ஊறாது, கரையான் தொடாது.

ஏ.சி. போட்ட படுக்கையறையில் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ரப்பர் பட்டை வைத்த, கீலில் திறக்கும் புது ஜன்னல் அங்கே மின்கட்டணத்துக்கு நல்லது. பஸ் போகும் ரோட்டைப் பார்த்த அறைக்கும் அதுவே. சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் இரட்டைக் கண்ணாடி போடுங்கள் என்று யாராவது சொன்னால், அந்த ஜன்னலைப் பெரும்பாலும் மூடியே வைப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வீண் செலவு.

வடக்கு, கிழக்குப் பக்கச் சுவர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நேராக அடிக்கும். அங்கே மரம் உளுத்திருந்தால் புதுசு போடலாம். ஆனால் மேலே உள்ள சன்ஷேடை மட்டும் இடிக்க விடாதீர்கள். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதைத் தடுப்பதுதான் குளிர்ச்சிக்கு வழி. உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும், கண்ணாடி வழியே நுழைந்த சூடு உள்ளேதான் இருக்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால், விலை உயர்ந்த கண்ணாடி செய்வதில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடும்.

தெரு ஜன்னல்

இப்போது மாமியார் விஷயத்துக்கு வருவோம். எண்பது தாண்டிய ஒருவருக்குத் தெரு ஜன்னல்தான் ஊர். கீரைக்காரம்மா வருவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவது, எதிர்வீட்டில் விருந்தாளி இறங்குவது எல்லாம் அதன் வழியேதான் அவருக்குத் தெரியும். கம்பி இடுக்கு வழியாகக் காசு கொடுத்துக் கொத்தமல்லி வாங்குவார். போகிறவர்களும் ஒரு நிமிஷம் நின்று, "சாப்பிட்டாச்சா பாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அங்கே கறுப்புக் கண்ணாடியும் நிரந்தரக் கொசு வலையும் வந்துவிட்டால் இந்தப் பேச்சு நின்றுபோகும். பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. அவர் ஒருநாள் தடுமாறி விழுந்தாலும் தெரியாது.

மூன்று விஷயங்களை அளந்து பாருங்கள். ஒன்று, ஜன்னலின் அடி உயரம். பழைய தெரு ஜன்னல்கள் தாழ்வாக இருக்கும். கீழே உட்கார்ந்தாலும் தெரு தெரியும். புதுசு போடும்போது 'எல்லாவற்றையும் மூணடிக்கு ஏற்றிவிடலாம்' என்பார்கள். ஏற்றினால் அவருக்குத் தெரிவது வானம் மட்டும்தான். இரண்டு, தாழ்ப்பாள். வாதம் வந்த விரலால் பழைய கொக்கியைத் தட்டிவிட முடியும். புதுப் பூட்டுகளில் சிலவற்றை அழுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். மூன்று, கதவின் எடை.

அதனால் எதையும் ஆர்டர் செய்யும் முன், ஒரு ஆட்டோ வைத்து மாமியாரையும் கடைக்கு அழைத்துப்போங்கள். உட்கார வைத்து, அவர் கையாலேயே திறந்து மூடச் சொல்லுங்கள். அவர் வாயைத் திறந்து எதையும் சொல்லாவிட்டாலும் அவர் கை சொல்லிவிடும்.

தெரு ஜன்னல் தெருவுக்கும் சொந்தம். புதுச்சேரியில் தமிழ்ப் பகுதியான வைசியாள் வீதியில் திண்ணை, தாழ்வாரம், ஜன்னல் என்று வீட்டு முகப்புகளை வரிசையாகப் புதுப்பித்தார்கள். அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அத்தனையும் சாதாரண மனிதர்கள் குடியிருக்கும் தெருவின் முகப்புகள்தான். ஒரு வீடு மட்டும் முகத்தை மாற்றிக்கொண்டாலும் வரிசை உடைந்துவிடும்.

'இலவசமாக' எடுத்துப்போகிறவர்

பழைய ஜன்னலை இலவசமாகக் கழற்றித் தருகிறேன் என்பவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பழைய வீடுகளிலிருந்து வந்த கதவும் ஜன்னலும் தூணும் கடை கடையாக அடுக்கி வைத்திருப்பார்கள். உங்களைப் போன்றவர்கள் கழற்றிய ஜன்னலை வேறு யாரோ விலை கொடுத்து வாங்கி, புது வீட்டில் மாட்டி அழகு பார்க்கிறார்கள். பர்மாவிலிருந்து தேக்கு மரக்கட்டை ஏற்றுமதியையே 2014-இல் அந்த நாடு நிறுத்திவிட்டது. பழைய முற்றிய தேக்கு இனிக் கிடைப்பது கடினம். கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் கன அடிக்கு இன்றைய விலை என்ன என்று இரண்டு மர வாடிகளில் விசாரியுங்கள். தேறிய கதவுகளை மற்ற ஜன்னல்களைப் பழுது பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை

தெருப் பக்க ஜன்னல்களை அப்படியே வைத்துக்கொண்டு பழுது பாருங்கள். கூடம், சாமி அறை ஜன்னல்களும் ஸ்க்ரூ டிரைவர் பரீட்சையில் தேறினால் அப்படியே. கொசுவுக்கு, தேவைப்படும்போது கழற்றி மாட்டும் வலைச் சட்டம் உள்பக்கம் போதும்.

சமையலறை, குளியலறை, ஏ.சி. அறைக்குப் புதுசு போடுங்கள். அங்கே ஃப்ளஷ் மாடல் துடைக்கச் சுலபம். ஆனால் கீலில் திறப்பதாக இருக்கட்டும். உளுத்துப்போன ஜன்னல் தெருப் பக்கம் இருந்தால் மட்டும் 'ஹெரிட்டேஜ்' பற்றி யோசிக்கலாம். அதிலும் நாலு கதவும் தனித்தனியாகத் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

புதுசு வாங்கும்போது இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

• சதுர அடி விலையில் கண்ணாடி, வலை, கைப்பிடி, கிரில், கொத்தனார் பூச்சு வேலை, ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கமா?

• சட்டத்துக்குள் துருப்பிடிக்காத முலாம் பூசிய இரும்புப் பட்டை உண்டா? ஒரு வெட்டுத் துண்டைக் காட்டச் சொல்லுங்கள்.

• கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? குழந்தைகள் ஓடும் இடத்தில் டஃபன்ட் கண்ணாடியா? உடைந்தால் மொன்னையான சிறு துகள்களாக உதிரும், ஆழமாக வெட்டாது.

• அடிச் சட்டத்தில் மழை நீர் வடியும் துளைகள் வெளிப்பக்கம் இருக்கின்றனவா?

• ஒவ்வொரு ஜன்னலையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்தார்களா? ஒன்றை அளந்து எட்டுக்கும் போட்டால் பழைய வீட்டில் சரிவராது.

• கீல், பூட்டு உடைந்தால் மாற்றுச் சாமான் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா?

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். தீ விபத்து என்றால் வெளியேற அதுதான் வழி. சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மகனுக்கு இந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எட்டு ஜன்னலுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்று புதுசு, ஐந்து பழுது, ஒரு நல்ல ஆசாரிக்கு முழுக் கூலி எல்லாம் அடங்கும் என்றே நினைக்கிறேன். மீதி இருந்தால், தெரு ஜன்னல் ஓரத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

(உங்கள் வீட்டில் எது திறக்கவில்லை, எது மூடவில்லை, எது ஒழுகுகிறது? ஒரு போட்டோவுடன் எழுதுங்கள். அடுத்த வாரம்: மொட்டை மாடி ஒழுகலுக்கு மருந்து.)